தாயை மறைத்து விற்றேன்

என் லாயத்தில் இருந்த மட்டக்குதிரைப் பெட்டை ஒன்று ஈன்ற ஆண் குட்டியை, அசல் மார்வாரி என்று சொல்லி விற்றேன். அப்படிச் சொன்னால்தான் விலை ஏறும் என்று தெரிந்தே சொன்னேன். வாங்க வந்தவர் தாயைக் காட்டச் சொன்னபோது, நண்பர் ஒருவரிடமிருந்து ஓட்டி வந்து கட்டியிருந்த வேறொரு பெட்டையைக் காட்டினேன். பெற்றவளை முந்தின நாளே மைத்துனர் தோட்டத்துக்கு அனுப்பியிருந்தேன். வாய் தவறி வந்த பொய் இல்லை இது. திட்டம் போட்டுச் செய்தது.

எங்கள் வட்டாரத்துக் குதிரைக்காரர்களுக்கு ஆண்டு தொடங்குவதே அந்தியூரில்தான். குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மார்வாரி வரும், கத்தியவார் வரும், நம்மூர் மட்டமும் வரும். பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வார்கள். உடம்பைத் தடவிச் சுழி பார்ப்பார்கள். நாலு காலும் முகமும் வெள்ளையாக இருந்தால் பஞ்சகல்யாணி என்று கூட்டம் மொய்க்கும். கொட்டுக்குக் கால் தூக்கி ஆடும் குதிரையைச் சுற்றி நிற்கிற ஆட்களில் பாதிப் பேர் வாங்குகிறவர்கள் அல்ல, பார்த்தே தீருவது என்று வந்தவர்கள். நானும் சிறுவயதில் அப்படி நின்றவன்தான். அப்பா ஜட்கா ஓட்டியவர். மட்டக்குதிரையின் உழைப்பில் சோறு தின்று வளர்ந்தவன் நான். அதனால்தான் நான் செய்தது இன்னும் கேவலமாகப் படுகிறது.

நான் எந்தப் பெயரைக் கூசாமல் பயன்படுத்தினேன் என்பது புரிய, மார்வாரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜோத்பூரை ஆண்ட ராத்தோர்கள் போருக்காக வளர்த்த இனம் அது. அந்தப் பக்கத்து நாட்டுக்குதிரையோடு அரபுக் குதிரையின் ரத்தம் சேர்ந்து வந்ததாகக் கருதுகிறார்கள். தார்ப் பாலைவனத்து வெயிலையும் மணலையும் குறைந்த தீவனத்தையும் தாங்கியவைதான் மிஞ்சின, அவற்றிலிருந்துதான் அடுத்த தலைமுறை வந்தது. மெலிந்த கால், நீண்ட முகம், உறுதியான குளம்பு. ஏறி உட்கார்ந்தவரைக் குலுக்காமல் கொண்டுபோகும் ரேவால் என்ற நடை சில குதிரைகளுக்குப் பிறவியிலேயே வரும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காது. இரண்டு காதும் உள்நோக்கி வளைந்து, குதிரை எதையாவது உற்றுக் கவனிக்கும்போது நுனியோடு நுனி தொடும். கத்தியவாருக்கும் இந்தக் காது உண்டு, இன்னும் வளைவாகவே உண்டு. உலகத்தில் வேறெந்த இனத்திலும் இந்த அளவுக்கு வளைந்த காதைப் பார்க்க முடியாது.

இந்த இனம் அழிவின் விளிம்பு வரை போய்த் திரும்பியது. ஜாகிர் என்ற நில மானியங்கள் ஒழிக்கப்பட்ட 1950களில் வளர்த்தவர்கள் கைவிட, எத்தனையோ நல்ல குதிரைகள் சுடப்பட்டன, காயடிக்கப்பட்டன, பொதி சுமக்கப் போயின. அதற்கு முன்பே, 1930களில், ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங் நல்ல பொலிகுதிரைகளைச் சேர்த்து வைத்திருந்தார். பிறகு அவர் பேரன் கஜ் சிங் அந்த வேலையைத் தொடர்ந்தார். ஊர் ஊராகப் போய்க் குதிரைகளைப் பார்த்து, அளந்து, அடையாளம் எழுதிப் பதிவு செய்யும் முறை இந்த நூற்றாண்டில்தான் அமைந்தது. அத்தனை பேர் பாடுபட்டு மீட்ட பெயரை நான் ஒரு பொய்யில் தொற்றவைத்தேன்.

என் பெட்டையைச் செவலை என்றுதான் கூப்பிடுவோம். 50 இஞ்ச் உயரம். குட்டைக் கழுத்து, பருத்த வயிறு, கண்ணை மறைக்கும் பிடரி மயிர். லாடம் அடிக்காமலே தார்ச்சாலையில் நடப்பாள், ஒருநாளும் நொண்டியதில்லை. கொள்ளு இல்லாத நாளில் சோளத்தட்டையைத் தின்றுவிட்டு நிற்பாள். வயிற்றுவலி என்று மருத்துவரைக் கூப்பிட்ட ஞாபகம் எனக்கு இல்லை. ஜாதிக்குதிரை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

ஒரு ஆடியில், சந்தை முடிந்து திரும்பும் வழியில் மழைக்கு என்னிடம் தங்கிய ஒருவரின் மார்வாரி பொலிகுதிரை, இரவில் கயிற்றை அறுத்துக்கொண்டு செவலையிடம் போய்விட்டது. பதினோரு மாதம் கழித்துக் குட்டி. ஈரம் காயாத உடம்போடு நாலு கால்களையும் பரப்பி ஊன்றி எழுந்தது. செவலை அதை நக்கிக்கொண்டிருந்தாள். நான் டார்ச்சை அடித்துப் பார்த்தது காதை. இரண்டு நுனியும் ஒன்றை நோக்கி ஒன்று வளைந்திருந்தன. குட்டி உயிரோடு இருக்கிறது, தாய் பிழைத்தாள் என்ற நிம்மதிக்கு முன்னால் விலை எனக்குள் வந்துவிட்டது. அந்த நிமிடத்தில் மனதில் பட்ட தொகையை இன்றும் சொல்ல முடியும். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்பன் குதிரையின் காதும் முகமும் குட்டிக்கு வந்திருந்தன. மற்றதெல்லாம் அம்மாவுடையது. முழங்காலுக்குக் கீழே எலும்பு குட்டை, குளம்பு வட்டமாக அகலம், பிடரி அடர்த்தி. பிடரியைக் கத்தரித்துப் படியவைத்தேன். எந்நேரமும் காது கண்ணில் படும்படி தலையைத் தூக்கி நிற்கப் பழக்கினேன். குட்டிக்கு இரண்டு வயதானபோது வாங்க வந்த இளைஞர் நல்ல மனிதர். தன் ஊரில் சிறியதாக ஒரு பண்ணை போட ஆசைப்பட்டவர். உயரம் குறைவாக இருக்கிறதே என்று அவர் தயங்கியபோது, “இன்னும் வளரும் தம்பி, இந்த வம்சம் லேட்டாத்தான் நிமிரும்” என்றேன். “தாய் எதுங்கண்ணா?” என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். அவர் போய் அந்தப் பெட்டையின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். என்னை நம்பினார். பணம் கைமாறியது.

அதற்குப் பிறகு நிறையப் படித்தேன். குற்ற உணர்ச்சியால் படித்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். நான் செய்தது தப்பில்லை என்று எனக்கே நிரூபிக்க ஆதாரம் தேடினேன். குதிரை இனங்களின் வரலாறு அப்படித் தேடுகிறவனுக்கு அள்ளிக் கொடுக்கும்.

உலகமே அசல் என்று கொண்டாடும் பந்தயக் குதிரையான தரோபிரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் உருவான கலப்பு அது. பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்பின் அரேபியன் என்று மூன்று பொலிகுதிரைகள் கிழக்கிலிருந்து போயின. பையர்லி டர்க் 1690ல் அயர்லாந்தின் பாய்ன் போரில் தளபதி ஒருவரைச் சுமந்ததாகச் சொல்வார்கள். டார்லி அரேபியனை 1704ல் அலெப்போ நகரத்தில் வாங்கி யார்க்‌ஷயருக்கு அனுப்பினார்கள். இன்றைக்கு உலகத்தில் ஓடும் ஆண் பந்தயக் குதிரைகளில் ஏறத்தாழ 95 சதவீதம், தந்தை வழியில் எண்ணிக்கொண்டு போனால் டார்லி அரேபியனில்தான் முடியும். 1764ல் சூரிய கிரகணத்தன்று பிறந்து, ஓடிய பந்தயம் ஒன்றிலும் தோற்காத எக்லிப்ஸ் அந்த வழிதான். சரி, அந்த மூன்று குதிரைகளோடு சேர்த்த பெட்டைகள் யாருடையவை? 2011ல் வெளியான மரபணு ஆய்வு, அவற்றில் பிரிட்டன், அயர்லாந்து நாட்டுக்குதிரைகளின் பங்கு முன்பு நினைத்ததைவிட மிக அதிகம் என்று காட்டியது. அதைப் படித்ததும் எனக்கு ஒரே கொண்டாட்டம். அவர்கள் செய்தால் இனம், நான் செய்தால் மோசடியா என்று கேட்டுக்கொண்டேன்.

இன்னும் பின்னால் போனால் இன்னும் வசதி. வீட்டுக்குதிரை என்று இன்று நாம் வளர்ப்பவை எல்லாம் வோல்கா, டான் ஆறுகளின் பக்கத்துப் புல்வெளியில், இன்றைக்குச் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்னால் பரவத் தொடங்கிய கூட்டத்தின் வாரிசுகள் என்று 2021ல் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. அப்புறம் எது அசல், எது கலப்பு?

ஆனால் அதே பக்கங்களில் இருந்த மற்றொன்றை நான் படித்துவிட்டுப் படிக்காததுபோல் இருந்தேன். தந்தை வழியில் பார்த்தால் உலகக் குதிரைகளுக்கிடையே வேறுபாடு மிகக் குறைவு. தாய் வழியில் பார்த்தால் ஏராளம். எங்கு போனாலும் சில பொலிகுதிரைகளைக் கொண்டுபோய், அந்தந்த ஊர்ப் பெட்டைகளோடு சேர்த்துத்தான் இனங்களை உண்டாக்கியிருக்கிறார்கள். குளிரைத் தாங்கும் உடம்பும், கல்லில் நடக்கும் குளம்பும், கிடைத்ததைத் தின்று பிழைக்கும் வயிறும் பெரும்பாலும் அந்த ஊர்ப் பெட்டையிடமிருந்து வந்தவை. பேர் மட்டும் ஆண் குதிரைக்குப் போய்விட்டது. இங்கிலாந்தின் பழைய பதிவேட்டில் முதல் தலைமுறைப் பெட்டைகள் பலவற்றுக்குப் பெயரே கிடையாது. இன்னாரின் பெட்டை, இன்ன குதிரையின் மகள் என்று மட்டும் எழுதியிருக்கும். 2002ல் அந்த வம்ச வழிகளை மரபணு கொண்டு சரிபார்த்தபோது, தாய் வழியில் எழுதிவைத்தது பல இடங்களில் பொருந்தவில்லை. இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ மாற்றி எழுதியது இன்றைய குதிரையின் ரத்தத்தில் அகப்படுகிறது.

தாயை மதித்தவர்களும் இருக்கிறார்கள். அரபுப் பாலைவனத்தின் பதூயின்கள் குதிரையின் குலத்தைத் தாய் வழியில்தான் எண்ணினார்கள். குஹைலான், சக்லாவி, ஹம்தானி என்று சொல்லும் பெயர்கள் எல்லாம் தாயிடமிருந்து குட்டிக்கு வருபவை. இரவில் எதிரியின் கூடாரத்தை நெருங்கும்போது கனைக்காமல் போகும் என்பதால் போருக்கும் பெட்டையையே விரும்பினார்கள். நல்ல பெட்டையை விற்பதைப் பெருங்குறையாக நினைத்தார்கள். நம் நாட்டிலேயே, கத்தியவார் தீபகற்பத்தில் ஒரு காலத்தில் 28 வம்சங்கள் இருந்தன. அவற்றில் அநேகமாக எல்லாமே மூலத்தாயான பெட்டையின் பெயரால் வழங்கின. ஆஸ்திரியாவின் லிப்பிசானர் பொலிகுதிரைக்கு இரண்டு பெயர் வைப்பார்கள். முதல் பெயர் தந்தை வம்சத்தினுடையது, இரண்டாவது பெற்ற தாயின் பெயர். வியன்னாவின் சவாரிப் பள்ளியில் வெள்ளை வெளேரென்று நடனமாடும் அந்தக் குதிரை ஒவ்வொன்றும் தன் அம்மா பெயரைச் சுமந்துகொண்டுதான் ஆடுகிறது. இதைப் படித்த இரவில் நான் தூங்கவில்லை. கலப்பு செய்தது என் குற்றமில்லை, கயிறு அறுந்து தானாக நடந்தது அது. பெற்றவள் இருக்கும்போதே அவளை இல்லாதவளாக்கியதுதான் நான் செய்தது.

மட்டத்தின் மேல் எனக்கிருந்த இளக்காரம் நான் மட்டும் கண்டுபிடித்ததில்லை. தமிழ்நாட்டில் குதிரை என்றால் கப்பலில் வந்த உயரமான குதிரை என்ற நினைப்பு பழையது. பாண்டிய மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் அரபு, பாரசீகக் கடற்கரையிலிருந்து பெரும் பொன் கொடுத்து வாங்கினார், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சவில்லை என்று 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். லாடம் கட்டத் தெரிந்தவர்கள் இல்லை, சோற்றையும் இறைச்சியையும் சேர்த்து ஊட்டினார்கள் என்கிறார். வந்த குதிரைகள் மாண்டன. இந்த வெயிலிலும் இந்தத் தீனியிலும் பிழைத்துக் கிடந்தது குட்டை மட்டம்தான். மகாராஷ்டிரத்தில் இடையர்களோடு அலையும் பீம்தடிக் குதிரையை அண்மையில் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். நம்மூர் மட்டத்தை அப்படி யாரும் அளந்து எழுதவில்லை. வைத்திருக்கிற நானே மறைத்து வைத்தால் யார் எழுதப் போகிறார்கள்?

விற்ற குதிரையைப் பற்றி அந்தத் தம்பி அவ்வப்போது போன் பண்ணுவார். குதிரை நல்ல குணம் என்பார், பிள்ளைகள் முதுகில் ஏறினால் அசையாமல் நிற்கிறது என்பார். அது செவலையின் குணம். கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேன். பிறகு, அந்தக் காதைப் பார்த்துப் பக்கத்து ஊர்களிலிருந்து மார்வாரிப் பெட்டைகளைச் சேர்க்கக் கொண்டுவருகிறார்கள் என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஒரு பொலிகுதிரை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாததில்லை. அமெரிக்காவில் 1969ல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற குவார்ட்டர் இனக் குதிரை, தசைக்கட்டுக்காகப் புகழ்பெற்றது. எல்லோரும் தங்கள் பெட்டைகளை அதற்குச் சேர்த்தார்கள். அதன் வாரிசுகள் பல்லாயிரம் ஆன பிறகு, தசைகள் துடித்து நடுங்கிக் குதிரையைக் கீழே சாய்க்கும் பரம்பரை நோய் ஒன்று அதன் வழியில் பரவியிருப்பது தெரிந்தது. இரண்டு பக்கமும் அந்தக் குறையைப் பெற்ற குட்டிகளை 2007லிருந்து பதிவு செய்வதே இல்லை என்று முடிவெடுத்தார்கள். அங்கே குறை இருப்பது தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. என் விஷயத்தில் குறையே இல்லாத ஒரு தாயை நான் வேண்டுமென்று மறைத்தேன், அந்தப் பொய் குட்டிகளோடு சேர்ந்து பெருகியது.

அந்தக் குட்டிகளில் சில குட்டையாக வந்தன. ஒன்றின் சொந்தக்காரர், தன் பெட்டையின் பரம்பரையில்தான் மட்டம் கலந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். அசலான மார்வாரிப் பெட்டை அது, பல ஆண்டு அவர் வீட்டில் நின்றது. அதைத் தரகரிடம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். தம்பி இதைச் சொன்னபோது, “பெட்டை சரியில்லீங்கண்ணா, அதான்” என்று சேர்த்துச் சொன்னார். என் வாயிலிருந்து வந்த சொல் “அப்படித்தான் இருக்கும்” என்பது. இந்தக் கதையில் நான் செய்ததிலேயே கொடியது அதுதான். குட்டியை விற்றபோது காசுக்காகப் பொய் சொன்னேன். அன்றைக்கு, ஒரு பாவமும் அறியாத இன்னொரு தாயின் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு ஆமாம் போட்டேன்.

உண்மையைச் சொன்னதும் துணிச்சலால் இல்லை. குதிரையை முறையாகப் பதிவு செய்யப் போவதாகவும், பிடரி மயிரை வேரோடு பிடுங்கி மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் தாய் தகப்பனை உறுதிசெய்து விடலாம் என்றும் தம்பி சொன்னார். மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்த பிறகுதான் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கத்தவில்லை. அவர் மனைவிதான், “அந்தப் பெட்டைய வித்த மனுசனுக்கு என்னங்க சொல்லுவீங்க?” என்று கேட்டார். தம்பி எழுந்து உள்ளே போய், வெள்ளைத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

குதிரையை அவர் திருப்பித் தரவில்லை. காயடித்துவிட்டு, பிள்ளைகள் சவாரிக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னார். வாங்கிய விலைக்கும் மட்டக் கலப்புக்குச் சந்தையில் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொடுத்துவிட்டேன். அவர் வாங்கிய சேர்க்கைக் கட்டணங்களையும் நானே திருப்பித் தர ஒப்புக்கொண்டேன். பெட்டைகளைச் சேர்த்தவர்கள் ஒவ்வொருவருக்கும் நானே போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்றார். சொல்லிவிட்டேன். திட்டினார்கள். ஒருவர் போனைப் பாதியில் வைத்தார். பெட்டையை விற்றவர் மட்டும், தரகர் யார், எந்தச் சந்தைக்குப் போனது என்று நிதானமாக விவரம் சொன்னார். அந்தத் தரகர் கேரளப் பக்கம் கைமாற்றியிருக்கிறார். அதற்கு மேல் தடம் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வெள்ளைத் தாளில் குதிரையின் தாயைப் பற்றித் தெரிந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார் தம்பி. மட்டம், செவலை நிறம், உயரம் 50 இஞ்ச், வலது பின்னங்காலில் மட்டும் வெள்ளை, நெற்றிச் சுழி ஒன்று, குணம் சாது என்று எழுதினேன். பூர்வீகம் எது என்று கேட்டார். அப்பா தன் கடைசிக் காலத்தில் அந்தியூரில் வாங்கி வந்தது, யாரிடமிருந்து, எந்த ஊர்ப் பெட்டையின் குட்டி என்று அவர் இருந்தபோது நான் கேட்கவே இல்லை. தெரியாது என்று எழுதினேன்.